எர்த் உள்ள அடாப்டரையே வாங்குங்கள்

ஐரோப்பா போகிறவர்கள் ‘எல்லா நாட்டுக்கும் ஒன்றே’ என்று விற்கும் அடாப்டரைத்தான் முதலில் எடுக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அங்கும் நம்மூர் போல 230 வோல்ட்தான், சிக்கல் சாக்கெட்டில். ஜெர்மனியில் அது வட்டக் குழியாக உள்வாங்கியிருக்கும். எர்த் தகடுகள் குழியின் ஓரத்தில். பிரான்ஸிலோ எர்த் கம்பி சாக்கெட்டிலிருந்தே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மெல்லிய இரு கம்பிகள் மட்டும் உள்ள தட்டை பிளக் இரண்டிலும் நுழையும், ஆனால் எர்த் கிடைக்காது. அது 2.5 ஆம்பியருக்கானது, செல்போன் சார்ஜருக்குப் போதும். கெட்டிலையோ இஸ்திரிப் பெட்டியையோ அதில் மாட்டினால் சூடேறி உருகக்கூடும். அடாப்டரின் பக்கவாட்டில் தகடும் முகப்பில் எர்த் துளையும் இருக்கிறதா, 16 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறதா என்று கடையிலேயே திருப்பிப் பாருங்கள். ஸ்விட்சர்லாந்து, பிரிட்டன் போன்ற சில நாடுகளில் அது நுழையாது. அவற்றுக்குத் தனித்தனியாக வாங்க வேண்டும்.