யாருடைய போனைப் பார்க்கிறார்கள்?

“பிழை செய்யாதவனுக்கு என்ன பயம்? போனைப் பார்த்தால் பார்க்கட்டும், நாடு பாதுகாப்பாக இருந்தால் சரி” என்று படித்தவர்களே சொல்கிறார்கள். இலங்கை உயிர்களைக் கொடுத்துப் பொய்யென்று கண்ட நம்பிக்கை இது.

புலனாய்வாளர்கள் எல்லாப் பேச்சையும் ஒட்டுக்கேட்பதில்லை. அதற்குத் தேவையுமில்லை. யார் யாருக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்தக் கோபுரத்துக்குக் கீழிருந்து கதைத்தார் என்ற பதிவு தொலைபேசி நிறுவனத்திடம் கிடக்கிறது. அதிலிருந்து தொடர்புகளைக் கோடுகளாக இழுத்து, வழமைக்கு மாறானதைச் சந்தேகிப்பதுதான் முறை. எது வழமை என்பதை யார் தீர்மானிப்பது?

முல்லைத்தீவு நாயாற்றில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர் நடுச்சாமத்தில் சம்மாட்டிக்குக் கோல் எடுப்பார். ஆழக்கடலுக்குப் போனதும் போன் வேலை செய்யாது. கரைக்கு வந்தால் ஐஸ் லொறிக்கும் வாடிக்கும் அடுத்தடுத்து அழைப்புகள். வீட்டுக்கு லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ தம்பி எடுப்பான். போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18 நெருங்கினால் எல்லார் வீட்டிலும் போன் கூடுதலாக அடிக்கும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017இலிருந்து முல்லைத்தீவில் போராடும் தாய்மார், போராட்டத்துக்கு முதல்நாள் ஒருவருக்கொருவர் தகவல் சொல்லுவார்கள். கோடு போட்டுப் பார்த்தால் துக்கமும் சதியும் ஒரே வடிவம். பிறகு வாசலில் புலனாய்வாளரின் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும்: யாரோடு கதைத்தீர்கள், காசு எங்கேயிருந்து வந்தது?

உண்மையான ஆபத்தின்போது இந்தக் கண்கள் எங்கே இருந்தன? 2018 நவம்பர் 30 அன்று வவுணதீவில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். முன்னாள் போராளி ஒருவரைப் பிடித்து மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். கொன்றது சஹ்ரான் ஹாஷிமின் ஆட்கள் என்பது, 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று அதே குழு தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நடத்திய குண்டுத்தாக்குதலில் 260க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகே வெளியில் வந்தது. அந்தத் தாக்குதல் பற்றி ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. 11ஆம் திகதி பொலிஸ் கடிதம் ஒன்றில் சஹ்ரானின் பெயரே இருந்தது. தேவாலயங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக, 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவும், அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் தலைவர் நிலந்த ஜயவர்தன 7.5 கோடி ரூபாவும் நட்டஈடு செலுத்த வேண்டுமென்று தீர்ப்பளித்தது.

அமெரிக்காவும் தன் மக்களின் அழைப்புப் பதிவுகளை ஆண்டுக்கணக்கில் மொத்தமாக அள்ளியது. ஒரு பயங்கரவாத விசாரணையிலாவது அது முடிவை மாற்றியதற்குச் சான்றில்லை என்று அந்நாட்டின் மேற்பார்வைச் சபையே 2014இல் அறிக்கையிட்டது.

எங்கள் ஊரையே எடுங்கள். இராணுவ முகாம்கள் சூழ்ந்த நாயாற்றில், 2018 ஆகஸ்ட் 13 இரவு, தமிழ் மீனவரின் வாடிகளும் படகுகளும் வலைகளும் எரிந்தன. வெளிமாவட்ட மீனவரோடு இருந்த தகராறு ஊரறிந்தது. அதை அறியப் புலனாய்வு வேண்டியதில்லை. மறுவருடம் செப்டெம்பரில் நீதிமன்றக் கட்டளையை மீறி, நீராவியடிப் பிள்ளையார் கோயில் தீர்த்தக்கரையில் ஒரு பௌத்த பிக்குவின் உடலைத் தகனம் செய்தார்கள். பொலிஸார் அங்கேயே நின்றார்கள். தகவலுக்கு அங்கே குறைவில்லை.

ஒருவரின் அழைப்புப் பதிவை எடுக்க வேண்டுமானால், பெயரும் காரணமும் குறித்து நீதவானிடம் கட்டளை பெறட்டும். அதற்குக் காலக்கெடு இருக்கட்டும். சந்தேகம் பொய்யானால் அந்த மனிதருக்கு எழுத்தில் சொல்லட்டும், நட்டஈடும் கொடுக்கட்டும். இதைக் கேட்பது நாட்டுக்குத் துரோகம் என்பவர்கள், வவுணதீவுக் கொலைக்காக அநியாயமாக அடைபட்டுக் கிடந்தவரின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லட்டும்.