உள்சுவர்ப் பெயின்ட் எதையும் தடுக்காது

பேஸ்மென்ட்டின் உள்சுவரில் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் இரண்டு கோட் அடித்தால் போதும் என்கிறார்கள். போதவே போதாது. தரைமட்டம் வரை மண் ஊறிவிட்டால், 3 மீட்டர் ஆழத்தில் சதுர மீட்டருக்கு 3 டன் அழுத்தத்தோடு தண்ணீர் வெளியிலிருந்து தள்ளும். பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரியும். அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். சுவரும் தரையும் சேரும் மூட்டுதான் முதலில் கசியும். கான்கிரீட் போடும்போதே அங்கே வாட்டர்ஸ்டாப் பட்டை வைக்க வேண்டும். மண் நிரப்புமுன் வெளிச்சுவரில் மெம்ப்ரேன் ஒட்ட வேண்டும். செலவு என்று தட்டிக்கழிப்பவர்கள், பிறகு சுவரோரம் தோண்டிப் பார்க்கட்டும், கணக்கு புரியும்.

தண்ணீரை இறைக்க மோட்டார் இருக்கிறதே என்பது அடுத்த வாதம். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது மின்சாரமும் போனது. மின்சாரம் இல்லாமல் மோட்டார் ஓடாது. அதை நம்புவதென்றால், ஜெனரேட்டரும் மூழ்காதபடி முதலில் அதைப் பேஸ்மென்ட்டிலிருந்து மேலே ஏற்றுங்கள்.