அண்டமும் பிண்டமும்: பார்வர்ட் பண்ணும் முன் ஒரு வார்த்தை



நம்ம கோயில் வாட்சப் குழுவுல அந்தப் படம் மறுபடியும் சுத்துது. ஒரு பக்கம் மூளை நரம்பு, இன்னொரு பக்கம் பிரபஞ்சம். ரெண்டும் பின்னி வச்ச வலை மாதிரி ஒரே சாயல். கீழே, 'அண்டமும் பிண்டமும் ஒன்றுன்னு சித்தர்கள் சொன்னதை விஞ்ஞானம் நிரூபிச்சிடுச்சு'ன்னு எழுதியிருக்கு.

படத்தை அனுப்புங்க. அந்த வரியை மட்டும் எடுத்துடுங்க என்பது என் தாழ்மையான கருத்து.

ஒற்றுமை உண்மைதான். 2020-ல் இத்தாலியில் பிராங்கோ வாட்சா என்ற வானியல் அறிஞரும், அல்பெர்ட்டோ பெலெட்டி என்ற மூளை அறுவை மருத்துவரும் சேர்ந்து இதை அளந்து பார்த்தாங்க. சிறுமூளையில் சுமார் 6,900 கோடி நரம்பு செல்கள். நாம காணக்கூடிய பிரபஞ்சத்தில் குறைந்தது 10,000 கோடி நட்சத்திரக் கூட்டங்கள். மூளைத் திசுவை மைக்ரோஸ்கோப்பில் எடுத்த படத்தையும், கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு உருவாக்கிய பிரபஞ்ச மாதிரியையும் ஒப்பிட்டாங்க. முடிச்சும் இழையும் பரவியிருக்கும் விதம் நெருங்கி வந்துச்சு.

ஆனா அளவு வித்தியாசம் 1-க்குப் பின்னால 27 சைபர். அங்கே வேலை செய்றது ஈர்ப்பு விசை. மூளையில மின்சாரமும் ரசாயனமும். வடிவம் ஒத்துப்போகுது, அவ்வளவுதான்.

பேக்டரியில இது எங்களுக்குத் தினசரி பாடம். ரெண்டு பார்ட் ஒரே வடிவம், ஒரே அளவு. ஒண்ணு அலுமினியம், ஒண்ணு பிளாஸ்டிக். அளந்தா ரெண்டும் பாஸ்தான். அதுக்காக ஒரே பெட்டியில போட மாட்டோம்.

இது ஏன் முக்கியம்னா, நம்ம தேவார வகுப்புப் பிள்ளைங்க நாளைக்கு யுனிவர்சிட்டி போவாங்க. அங்கே, 'இதை யாரும் நிரூபிக்கலையே'ன்னு தெரிஞ்சா இந்தப் படத்தோட சந்தேகம் நிக்காது. நாம சொல்லிக்கொடுத்த பதிகம் வரைக்கும் போகும்.

திருவாசகத்தில் திருவண்டப்பகுதியைப் படிச்சுப் பாருங்க. எண்ணமுடியாத அண்டங்களை, வீட்டுக்குள்ள விழும் வெயில் கீற்றில் மிதக்கும் தூசியா மாணிக்கவாசகர் காட்டுறார். இறைவன் எவ்வளவு பெரியவன்னு உருகிச் சொன்னது அது. சித்தர்கள் சொன்னதும் இந்த உடம்புக்குள்ளேயே அவனைத் தேடுன்னுதான். இதுக்கெல்லாம் லேப் சர்டிபிகேட் எதுக்கு?

பிள்ளைங்க கேட்டா இப்படிச் சொல்லுங்க: "பார்க்க ஒரே மாதிரி இருக்கு, ஏன்னு இன்னும் ஆராயறாங்க. நீ படிச்சுக் கண்டுபிடி." பக்திக்கும் அதனால ஒரு குறையும் வராது.

திருச்சிற்றம்பலம்.