முற்றத்துப் புல்: மூடுவதா, வெட்டுவதா?



ஐப்பசி, கார்த்திகை மழை பொழிந்து ஓய்ந்தபின் பல்லாவரம், பம்மல், குரோம்பேட்டை, தாம்பரம் பகுதிகளிலுள்ள தனி வீடுகளின் முற்றத்தைப் பாருங்கள். இரண்டே வாரங்களில் அருகும் கோரையும் கணுக்காலைத் தாண்டி வளர்ந்துவிடுகின்றன. குழந்தைகள் நடமாடும் இடத்தில் பூச்சி பொட்டு ஒளிந்திருக்குமோ என்று இல்லத்தரசி அஞ்சுகிறார். "பேசாமல் சிமெண்ட் பூசிவிடலாம்" என்று வீட்டுக்காரர் முடிவெடுக்கிறார். ஒரே நாளில் புல்லின் தொல்லை தீர்ந்துவிடுகிறது. ஆனால், அன்றோடு அந்த மண்ணுக்குள் மழைநீர் இறங்கும் வழியும் அடைபட்டுப் போகிறது.

இது சிறிய செய்தியன்று. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டன. சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கிய நீரைக்கூடச் சுத்திகரித்து வழங்க நேர்ந்தது. ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் வந்தது. ஆண்டுக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை பெறும் ஊருக்கு இந்நிலை! வானத்திலிருந்து இறங்கும் ரஹ்மத்தை வாசலிலேயே தடுத்துத் தெருச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டுப் பிறகு லாரித் தண்ணீருக்குக் காத்திருப்பது அறிவுடைமையாகுமா? முற்றத்து மண்ணை மூட வேண்டாம். புல்லை முறையாக வெட்டி வந்தால் போதும். அதற்கான கருவியைப் பற்றியே இத்திங்கள் எழுதுகிறேன்.

கருவி பிறந்த கதை

புல்வெட்டும் இயந்திரத்தைக் கண்டவர் எட்வின் பட்டிங் என்னும் ஆங்கிலேயர். கம்பளித் துணியின் மேலெழும் இழைகளைச் சமமாகக் கத்தரிக்கும் ஆலை இயந்திரத்தைக் கண்டபோது, புல்லையும் இவ்வாறே கத்தரிக்கலாமே என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. 1830இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஓர் உருளையைச் சுற்றி வளைந்த கத்திகள் சுழலும். கீழே அசையாத கத்தி ஒன்று நிற்கும். இரண்டிற்குமிடையே சிக்கும் புல் கத்தரிக்கோலில் அகப்பட்டதுபோல் அறுபடும். இன்றும் கையால் தள்ளும் இயந்திரங்கள் இதே முறையில்தான் இயங்குகின்றன.

எதை வாங்கலாம்?

ஒன்று, இரண்டு சென்ட் அளவுள்ள முற்றத்திற்குக் கையால் தள்ளும் இவ்வியந்திரமே சாலச் சிறந்தது. மின்சாரம் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், ஓசையும் மிகக் குறைவு. 12 முதல் 16 அங்குல அகலமும், ஐந்து கத்திகளும், வெட்டும் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பும் இருக்கட்டும். வாங்குமுன் ஒரு தாளைக் கத்திகளுக்கிடையே நீட்டி, உருளையைக் கைப்படாமல் ஒரு குச்சியால் சுழற்றிப் பாருங்கள். தாள் இருபுறமும் நடுவிலும் ஒன்றுபோல் துண்டாக வேண்டும். மடங்கினால் கத்தி மழுங்கியிருக்கிறது அல்லது இடைவெளி மிகுந்திருக்கிறது என்று பொருள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய இயந்திரம் கண்ணிற்பட்டாலும் இந்தச் சோதனையைச் செய்யலாம். பேரத்தை மட்டும் ஜும்ஆ பாங்கிற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்!

மின்சார இயந்திரத்தில் ஒற்றைக் கத்தி அதிவேகமாகச் சுழன்று புல்லை அடித்து வெட்டும். உயர்ந்த புல்லுக்கு அது ஏற்றதே. ஆனால், வீட்டின் மின்பலகையில் மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சாதனம் இல்லாவிடில் அதனை வாங்க வேண்டாம். ஈரப்புல்லில் ஒருபோதும் இயக்கலாகாது. மின்கம்பி எப்போதும் நமக்குப் பின்னால், வெட்டி முடித்த பக்கத்தில் கிடக்க வேண்டும். பெட்ரோல் இயந்திரம் பள்ளிக்கூட மைதானத்திற்குரியது. மதிலோடு மதில் ஒட்டிய நம் தெருக்களில் அதன் இரைச்சல் அண்டை வீட்டாருக்கு இடையூறாகும். அண்டை வீட்டார் நம் தொல்லையிலிருந்து அச்சமற்று வாழ வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வளவு வலியுறுத்தினார்கள் என்பதை நாமறிவோம்.

எப்படி வெட்டுவது?

முதலில் கற்களைப் பொறுக்குங்கள். பல்லாவரம் மலையின் கருங்கல் சில்லுகளும் வீடு கட்டியபோது மிஞ்சிய ஜல்லியும் நம் முற்றங்களில் ஏராளம். கையியந்திரத்தில் கல் சிக்கினால் கத்தியின் முனை முறியும். மின்சார இயந்திரமோ அதே கல்லைக் கவண்போல் வீசியெறியும். ஆகவே, வெட்டி முடிக்கும்வரை குழந்தைகள் வீட்டினுள்ளேயே இருக்கட்டும். தள்ளுபவர் ரப்பர் செருப்பை விடுத்து, விரல்களை மூடும் காலணி அணிய வேண்டும். சிக்கிய புல்லை எடுக்குமுன் மின்சார இயந்திரமாயின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். கையியந்திரமாயினும் விரலை நுழைக்காமல் குச்சியைப் பயன்படுத்துங்கள்.

மழை விட்டு இரண்டு நாள் வெயில் காய்ந்தபின் வெட்டுவது நல்லது. ஒரு முறையில் புல்லின் உயரத்தில் மூன்றிலொரு பங்கிற்கு மேல் வெட்டலாகாது. மொட்டையடித்தால் வேர் நலியும். அந்த வெற்றிடத்தில் கோரை குடிபுகும். முழங்கால் அளவு வளர்ந்துவிட்டால் முதலில் அரிவாளால் அறுத்துத் தணித்து, சில நாள் கழித்து இயந்திரத்தைத் தள்ளுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை அரைமணி நேரம் போதும். வேலை முடிந்ததும் கத்திகளைத் துடைத்துச் சிறிது எண்ணெய் தடவி வைத்தால் துருப்பிடிக்காது.

வெட்டிய சிறு துணுக்குகளை அப்படியே விட்டால் மண்ணுக்கு உரமாகும். குர்பானிக்கு ஆடு வளர்ப்போர் கையியந்திரம் வெட்டிய பசும்புல்லை அன்றே தீவனமாக இடலாம். களைக்கொல்லி தெளித்த புல்லை ஆட்டிற்கு இட முடியுமா? அந்த மருந்து இறங்கும் மண்ணருகில்தானே நம் கிணறும் இருக்கிறது!

இரு எச்சரிக்கைகள்

முதலாவது: வெட்டும் கருவி வந்துவிட்டதென்று நாள்தோறும் நீர் கேட்கும் அலங்காரப் புல்லை விலைக்கு வாங்கிப் பரப்பாதீர்கள். ஓடும் ஆற்றின் கரையிலும் ஒளூவுக்கு நீரை விரயம் செய்யலாகாது என்பது நமது மார்க்கம். தானே முளைக்கும் அருகு கோடையில் பழுத்தாலும் அடுத்த மழையில் மீண்டும் துளிர்க்கும். இயன்றால் ஒளூச் செய்த நீரை அதற்குத் திருப்பிவிடுங்கள்.

இரண்டாவது: இவ்வியந்திரத்தைக் கபுருஸ்தானுக்கு எடுத்துச் செல்ல நினைப்போர் நடைபாதையோடு நிறுத்திக்கொள்ளட்டும். பசுமையான புல் இறைவனைத் துதிக்கிறது என்பதால் கபுரின் மேலுள்ள ஈரப்புல்லை அகற்றுவது மக்ரூஹ் என்றும், காய்ந்ததை அகற்றலாம் என்றும் ஹனஃபீ சட்ட நூல்கள் கூறுகின்றன.

சகோதரர்களே! சிமெண்ட் பூச ஆகும் செலவைவிடக் கையியந்திரம் ஒன்றின் விலை மிகக் குறைவு. ஒரு வீட்டால் வாங்க இயலாவிடில் மூன்று நான்கு வீட்டார் கூடி ஒன்றை வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். முற்றமும் துப்புரவாகும், கிணறும் ஊறும், அண்டை வீட்டு உறவும் தழைக்கும். வல்ல அல்லாஹ் நமக்கு அத்தகைய நற்பேற்றை நல்குவானாக! ஆமீன்.