ஓப்பன் ஜீப்பும் 'இஞ்சின் சூப்பர்' கோஷ்டியும்

பழைய ஓப்பன் வண்டி விக்கிறவங்க எல்லாருக்கும் ஒரே மந்திரம்தான். "தம்பி, இஞ்சின் கல்லு மாதிரி இருக்கு, ஒரே செல்ஃப்ல புடிச்சுக்கும்." வாங்கப் போறவரும் பானெட்டைத் தூக்கிப் பார்த்து, புரிஞ்ச மாதிரி தலையாட்டி, ஆக்ஸிலேட்டரை நாலு மிதி மிதிச்சுட்டு அட்வான்ஸ் குடுத்துடுறார். மக்களே, இது சுத்தப் பேத்தல். ஓப்பன் வண்டி நம்மளக் கைவிடுறது இஞ்சின்ல இல்ல; படுதாவுல, தரையில, ஆர்.சி. புக்குல.

ஜிப்ஸியையே எடுத்துக்குங்க. 1985-ல 970 சிசி இஞ்சினோட வந்துச்சு. 1996-ல 1298 சிசி ஆச்சு. எஸ்டீம் கார்ல இருந்த இஞ்சினுக்குப் பங்காளி. 2018 கடைசியோட பொதுமக்கள்கிட்ட புக்கிங் வாங்குறதை நிறுத்திட்டாங்க. ஆனாலும் அந்த இஞ்சினைப் பிரிச்சு மாட்டுற மெக்கானிக் இன்னும் இருக்கார். இஞ்சின் போனா காசோட போச்சு. சேஸிஸ் போனா? வண்டியோட அடையாள நம்பரே அதுலதான் அடிச்சிருக்கு சாமி!

அதுவும் நம்ம டெல்டாவுல. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில படுதா ஓரமா இறங்குற தண்ணி, தரை மேட்டுக்கு அடியில போய் உக்காந்துக்கும். மேல காஞ்சிருக்கும், கீழ ஈரம். வயக்காட்டுச் சேறு சேஸிஸ் ஓட்டைக்குள்ள புகுந்து அப்படியே இறுகிடும். துரு உள்ளேர்ந்து வெளிய வரும். நீங்க பார்க்கிறப்போ வெளிய பெயிண்ட் பளபளன்னுதான் இருக்கும். வேதாரண்யம் பக்கம் நின்ன வண்டின்னா உப்புக்காத்து வேற இலவசம்.

போன வருஷம் நண்பர் ஒருத்தருக்காக ஒரு வண்டி பார்க்கப் போனேன். வித்தவர் பேரு, ஊரு வேணாம். ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆச்சு, உண்மைதான். மேட்டைத் தூக்கினா, துருப்பிடிச்ச தரைக்கு மேலயே புதுத் தகரம் வச்சு வெல்டிங், அதுக்கு மேல கறுப்புப் பெயிண்ட். கீழ படுத்து சேஸிஸை ஸ்க்ரூடிரைவரால குத்தினா, நமுத்த முறுக்கு மாதிரி உள்ள போகுது. "பழைய வண்டின்னா இதெல்லாம் இருக்கறதுதான் தம்பி"ங்கறார். நண்பர் அதுல புள்ளைங்களை ஏத்திக்கிட்டு கல்லணை போறதா இருந்தார்! பொட்டி தட்டுற நம்ம பாஷையில சொன்னா, டெமோ ஓடுதுன்னு ரிலீஸ் பண்ற கதை. அங்க பக் வந்தா பேட்ச் போடலாம். இங்க?

"துருவே பிடிக்காத ஃபைபர் பாடி வாங்கலாமே"ன்னு ஒரு அறிவாளி கேப்பார். இருந்துச்சுங்க. 1998-ல வந்த சான் ஸ்டார்ம். ரெனோ இஞ்சின், ரெண்டு சீட்டு. பாடி துருப்பிடிக்காது. ஒரு கண்ணாடியோ ரப்பரோ போனா தேடி அலையணும். சாமான் கிடைக்காத வண்டியும் நம்பகமான வண்டி இல்ல.

இதைவிடப் பெரிய கூத்து, ஹார்ட் டாப் வண்டியோட கூரையை அறுத்துட்டு 'ஓப்பன்'னு விக்கிறது. தயாரிச்சவங்க சொன்ன அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்சநீதிமன்றமே சொல்லியாச்சு. நாளைக்கு மோதல்னா இன்ஷூரன்ஸ்காரர் முதல்ல பார்க்கிறது ஆர்.சி.யைத்தான். 15 வருஷம் முடிஞ்ச வண்டின்னா ரெஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிக்கவும் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டணும். 2022 ஏப்ரல்ல அந்தக் கட்டணம் காருக்கு 600 ரூபாயிலேர்ந்து 5,000 ஆச்சு.

அதனால வண்டி பார்க்கப் போறப்போ ஒரு காந்தம், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு குடம் தண்ணி. தடிமனா பட்டி பார்த்த இடத்துல காந்தம் ஒட்டாது. மேட்டைத் தூக்குங்க, சேஸிஸைக் குத்துங்க, படுதா மேல தண்ணி ஊத்துங்க. ஆர்.சி.யில இருக்கற பாடியும் எதிர்ல நிக்கிற பாடியும் ஒண்ணான்னு பாருங்க. "ஊத்தக் கூடாது"ன்னு வித்தவர் சொன்னா, பதில் கிடைச்சிடுச்சு. கிளம்பிடுங்க.

இஞ்சினைக் கடைசியாப் பாருங்க. அது எங்கயும் ஓடிப்போயிடாது :-)

டிஸ்கி: பழைய ஓப்பன் வண்டியே வாங்காதீங்கன்னு நான் சொல்லலை. அறுவடை முடிஞ்ச சாயங்காலம் படுதாவைச் சுருட்டி வச்சுட்டு ஒரத்தநாடு ரோட்டுல போற சுகம் எந்த ஏசி கார்லயும் வராது. தரை இருக்கணும், அவ்வளவுதான்.