செஞ்சிக்கு முதல்ல வேண்டியது பஸ், அப்புறம்தான் பார்க்கிங்!



2025 ஜூலை 11 அன்னைக்கு நம்ம செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியல்ல சேர்ந்தது. மராத்தியர் காலத்து ராணுவக் கோட்டைகள்னு மொத்தம் 12 கோட்டைகளைச் சேர்த்து அறிவிச்சாங்க. 11 மகாராஷ்டிராவுல இருக்கு. தமிழ்நாட்டுல இருக்கிற ஒரே கோட்டை நம்மளோடது. எல்லாரும் ஸ்டேட்டஸ் வெச்சோம், பெருமைப்பட்டோம். "கோட்டையைக் கட்டினது யாரு, பேரு யாருக்குப் போகுது"ன்னு சண்டையும் போட்டோம். அந்தச் சண்டை வேற பதிவுல வெச்சுக்கலாம்.

இப்போ பேச வேண்டியது அதுக்கப்புறம் கிளம்பியிருக்கிற ஒரு கோரிக்கையைப் பத்தி. "டூரிஸ்ட் கூட்டம் வரப்போகுது, ரோட்டை அகலப்படுத்துங்க, கோட்டை வாசல்ல பெரிய கார் பார்க்கிங் கட்டுங்க." நம்ம தோழர்கள்லயே நிறைய பேர் இதை எழுதுறீங்க. நல்ல எண்ணத்தோடதான் எழுதுறீங்க, தெரியும். ஆனா இதுல எனக்கு உடன்பாடு இல்லை. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதல்ல நம்ம ஊரு எப்படிப்பட்டதுன்னு பாருங்க. 2011 கணக்கெடுப்புல செஞ்சி பேரூராட்சியின் மக்கள்தொகை சுமார் 27,000. ஆனா இந்த ஊரு ரோட்டுல நடமாடுறவங்க இந்த 27,000 பேர் மட்டும் இல்லை. திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை, சேத்துப்பட்டு, நாலு பக்கத்து ரோடும் இங்கதான் வந்து சேருது. பௌர்ணமி வந்தா கிரிவலத்துக்குத் திருவண்ணாமலை போற கூட்டம் நம்ம ஊரு வழியா போகும். சரியா பதினஞ்சு நாள் கழிச்சு அமாவாசை; மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் ஊஞ்சல் உற்சவத்துக்குப் போற கூட்டம். வெள்ளிக்கிழமையானா ஆட்டுச் சந்தை. அறுவடை நேரத்துல ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் மூட்டையோட டிராக்டரும் மினி லாரியும் வரிசை கட்டும். இதுக்கு நடுவுலதான் பள்ளிக்கூடம் போற புள்ளைங்க, அரசு மருத்துவமனைக்கு வர்ற கர்ப்பிணிப் பொண்ணுங்க, சைக்கிள்ல பால் கேனை மாட்டிக்கிட்டு வர்ற பெரியவரு.

இந்த ரோட்டுலதான் இன்னும் நூத்துக்கணக்கான காரை உள்ளே கூப்பிடலாம்னு சொல்றீங்க.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு பஸ்ஸுல 50 பேர் வர்றாங்க. அதே 50 பேர் காருக்கு நாலு பேரா வந்தா 12, 13 கார் வேணும். ஒரு காரை நிறுத்தி எடுக்க, திரும்புற இடத்தையும் சேர்த்தா, சுமாரா 25 சதுர மீட்டர் ஆகும். 200 காருக்கு 5,000 சதுர மீட்டர், அதாவது ஒண்ணேகால் ஏக்கர். கோட்டை வாசல்ல ஒண்ணேகால் ஏக்கரை யார்கிட்ட இருந்து எடுப்பீங்க? அங்க இளநீர், மோர், பொரி, வேர்க்கடலை விக்கிறவங்க எங்க போவாங்க? பார்க்கிங் ஏலம் எடுத்தவரு முதல்ல அவங்களைத்தான் விரட்டுவாரு.

சட்டமும் ஒண்ணு இருக்கு. தொல்லியல் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்துல 2010ல கொண்டுவந்த திருத்தப்படி, மத்திய அரசு பாதுகாக்கிற ஒரு சின்னத்தோட எல்லையில இருந்து 100 மீட்டருக்குள்ள புதுக் கட்டுமானம் கூடாது. அதுக்கு அப்பால 200 மீட்டர் வரைக்கும் அனுமதி வாங்கித்தான் கட்டணும். திருவண்ணாமலை ரோடே நம்ம கோட்டை வளாகத்துக்குள்ள புகுந்து, ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவுலதான் போகுது. அங்க ரோட்டை அகலப்படுத்தணும்னா எந்த மதிலை இடிக்கிறது? முகலாயப் படை எட்டு வருஷம் முற்றுகை போட்டு நின்ன கோட்டை இது. பார்க்கிங்குக்காக நாமளே அதை இடிக்கணுமா?

அப்போ டூரிஸ்ட் வர வேண்டாமான்னு கேப்பீங்க. வரட்டும், நல்லா வரட்டும். கார் ஊருக்கு வெளியவே நிக்கட்டும், மனுஷங்க உள்ளே வரட்டும்.

இது ஒண்ணும் புதுசு இல்லை. ஆக்ராவுல தாஜ்மகால் வாசல் வரைக்கும் டூரிஸ்ட் காருல போய் இறங்க முடியாது. தள்ளி நிறுத்திட்டு பேட்டரி வண்டியில போகணும், இல்லேன்னா நடக்கணும். அதனால தாஜ்மகாலுக்குக் கூட்டம் குறைஞ்சுதா என்ன? மகாராஷ்டிராவுல மாத்தேரான்னு ஒரு மலை ஊரு. டூரிஸ்ட் காரை ஊருக்கு வெளிய தஸ்தூரியிலயே நிறுத்திடணும். அந்த ஊரு பொழைக்கிறதே சுற்றுலாவாலதான். நம்ம ராஜகிரி சமாச்சாரம் இன்னும் எளிது. உச்சிக்குப் போகணும்னா கலெக்டரா இருந்தாலும் படியேறி நடந்துதான் ஆகணும். மேல அவ்வளவு தூரம் ஏறப்போறவங்களுக்கு, கீழ வாசல்ல காரை விட்டு இறங்கினாத்தான் ஆச்சுன்னு என்ன கட்டாயம்?

பஸ் ஸ்டாண்டுல இருந்து கோட்டை ரெண்டு கிலோமீட்டர் அளவுதான். அந்த ரெண்டு கிலோமீட்டருக்கு நிழல் மரம், ஒழுங்கான நடைபாதை, குடிதண்ணி வேணும். பேட்டரி ஆட்டோவும் வேணும். அதை வெளியூர் கம்பெனிக்கு டெண்டர் விடாம, நம்ம ஊரு ஆட்டோக்காரங்களுக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவுக்கும் மானியத்தோட கடன் கொடுத்து ஓட்ட வைக்கணும். நம்ம சங்கத்து ஆட்டோத் தோழர்கள் இதை நினைச்சுப் பயப்படுறாங்க. அந்தப் பயம் நியாயம்தான். பேட்டரி வண்டிங்கிற பேர்ல பழைய ஆளுங்க பொழப்பைப் பறிச்சா நாமளே எதிர்த்து நிக்கணும். அதனால இப்பவே கேக்குறோம்: முதல் பர்மிட் இங்க ஏற்கெனவே ஓட்டுறவங்களுக்கு. ஊருக்கு வெளிய வசூலிக்கிற பார்க்கிங் கட்டணம் இந்த வண்டிகளுக்கும் நடைபாதைக்கும் மட்டும்.

இதெல்லாம் டூரிஸ்டுக்கான விஷயம். நான் முக்கியமா சொல்ல வந்தது நம்ம சனங்களுக்கான பஸ்ஸைப் பத்தி.

2021 மே மாசத்துல இருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுல பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இதனால ஒரு பெண்ணுக்கு சராசரியா மாசம் 888 ரூபாய் மிச்சம்னு மாநிலத் திட்டக்குழு ஆய்வு சொல்லுச்சு. ஒரு கூலிக்காரக் குடும்பத்துக்கு அது பாதி மாச மளிகை. அரசியலை ஒதுக்கி வெச்சுட்டுச் சொல்றேன், நல்ல திட்டம். ஆனா பஸ்ஸே வராத ஊருல இலவச டிக்கெட்டை வெச்சு என்ன பண்றது? காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடைன்னு இருக்கிற கிராமத்துல அந்தச் சாயங்கால பஸ்ஸை விட்டுட்டா ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுக்கணும், இல்ல இருட்டுல நடக்கணும். அதுக்குப் பயந்து ஸ்பெஷல் கிளாஸுக்கு நிக்காம கிளம்புற பொண்ணுங்க எத்தனை பேரு! வீட்டுல எப்படியாவது கடன் வாங்கி மகனுக்கு ஒரு பைக் எடுத்துக் கொடுத்துடுறாங்க. மகளுக்கு? அவ படிப்பை நிறுத்துறாங்க. பஸ் இல்லாததோட நிஜமான விலை இதுதான்.

"சுற்றுச்சூழலுக்கு உகந்த போக்குவரத்து"ன்னு மேல இருந்து ஒரு திட்டம் வந்தா அதுல நம்ம மாதிரி ஊருக்கு இடமே இருக்கறதில்லை. மத்திய அரசு 2023ல அறிவிச்ச பிஎம் இ-பஸ் சேவா திட்டத்துல 10,000 மின்சார பஸ். ஆனா 3 லட்சமும் அதுக்கு மேலயும் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்குத்தான். சென்னையில 2025 ஜூன்ல 120 மின்சார பஸ் விட்டாங்க, சந்தோஷம். செஞ்சி, அனந்தபுரம், வளத்தி ரூட்டுக்கு எப்போ? விழுப்புரம் கோட்டத்துல ஒதுக்கீடு வரும்போது மாவட்டத் தலைநகரத்தோட நின்னுடக் கூடாது. நம்ம ரூட்டுங்க பெரும்பாலும் நாப்பது கிலோமீட்டருக்குள்ள முடிஞ்சுடும். ராத்திரி டிப்போவுல சார்ஜ் போட்டு, மதியம் ஒரு தடவை கொஞ்சம் போட்டா ஓடிடும். மின்சார பஸ்ஸுக்கு இதைவிடத் தோதான ரூட்டு எங்க கிடைக்கும்?

மின்சார பஸ் வர்ற வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். 2025 ஜூன்ல தொடங்கின புது மினி பஸ் திட்டத்துல ஒரு வழித்தடம் 25 கிலோமீட்டர் வரைக்கும் போகலாம். பஸ்ஸே பாக்காத ஊருங்களுக்காகத்தான் அந்தத் திட்டமே. ஆலம்பூண்டி பக்கத்து உள்கிராமம், சிங்கவரம், மேல்மலையனூர் சுத்துப்பட்டு, எல்லாமே அந்தத் தூரத்துக்குள்ள அடங்கும். வழித்தடம் முடிவாகிறது கலெக்டர் அலுவலகத்துல. கேக்குற ஊருக்குத்தான் கிடைக்கும், கேக்காத ஊரு ஃபைல்லயே இருக்காது.

ரயிலைப் பத்திச் சொல்லலைன்னா திட்டுவீங்க. திண்டிவனம்–செஞ்சி–திருவண்ணாமலை புது ரயில் பாதைக்கு 2006-07 ரயில்வே பட்ஜெட்லயே ஒப்புதல் கிடைச்சுது. அப்போ பொறந்த புள்ளைங்க இப்போ ஓட்டுப் போடுற வயசுக்கு வந்துட்டாங்க. செஞ்சியில இன்னும் ரயில் சத்தம் கேக்கலை. ஒவ்வொரு தேர்தல்லயும் எல்லாக் கட்சி மேடையிலயும் இது பேசப்படுது. நம்ம மேடையையும் சேர்த்துத்தான் சொல்றேன். போராட்டம் தொடரணும். ஆனா ரயில் வரட்டும்னு பஸ் கோரிக்கையைத் தள்ளிப் போடாதீங்க. ரயில் பாதைக்கு டெல்லி மனசு வைக்கணும். திருவண்ணாமலை போற எல்லா பஸ்ஸும் கோட்டை ஸ்டாப்புல நிக்கணும், ராத்திரி 9 மணிக்கு மேல கிராமத்துக்கு ஒரு கடைசி நடை வேணும்னா விழுப்புரத்துல ஒரு உத்தரவு போதும்.

தொல்லியல் துறையைக் கேட்டா ரோடு எங்களுது இல்லைம்பாங்க. நெடுஞ்சாலையைக் கேட்டா பஸ் எங்களுது இல்லைம்பாங்க. போக்குவரத்துக் கழகம் வருமானம் இல்லாத ரூட்டும்பாங்க. பேரூராட்சியில நிதி இல்லைம்பாங்க. இந்த நாலு பேரையும் ஒரே மேசையில உக்கார வைக்கிற அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு இருக்கு. அதனால நம்ம மனு அங்கதான் போகும்.

மனுவுல "போதிய பஸ் வசதி இல்லை"ன்னு பொத்தாம் பொதுவா எழுதினா படிக்காம கட்டி வெச்சுடுவாங்க. அதனால இந்தப் பதிவுக்குக் கீழ உங்க ஊரு பேரு, இப்போ எத்தனை நடை வருது, எத்தனை மணிக்கு, எந்த நேரத்துல வேணும், எந்த ஊரு வழியா வரணும், அஞ்சையும் எழுதுங்க. நின்னுபோன பழைய ரூட்டு இருந்தா அந்த நம்பரும் போடுங்க. கிராமத்துத் தோழர்கள் அடுத்த கிராம சபையில இதையே தீர்மானமா போட்டு, நகலைக் கையோட வாங்கிட்டு வாங்க. எல்லாத்தையும் ஊர்வாரியா தொகுத்து, தீர்மான நகலோட திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துல கொடுக்குறோம்.

#செஞ்சிக்கு_பஸ்