ஓர் இரவு தங்கிச் செல்லுங்கள்

சென்ற கிழமை வகுப்பிலே மாணவனொருவன் எழுந்து நம்மிடம் ஒரு வினா விடுத்தான். அவனுடைய தாய்மாமன் வியட்நாம் நாட்டுக்குச் சென்று திரும்பியவர். அங்கே ஹோய் ஆன் என்னும் ஆற்றங்கரைப் பட்டினத்தில் எடுத்த படங்களை வீட்டாருக்குக் காட்டியிருக்கிறார். பையன் அவற்றிலே சொக்கிப் போய்விட்டான்.

"சேர், அந்த ஊருக்குப் போனால் பார்க்கவும் செய்யவும் எவ்வளவோ இருக்காம். எங்கட ஊருக்கு வாற ஆக்கள் கோட்டையில ஒரு படம் எடுத்துப்போட்டு, பாசிக்குடாவுக்குக் குளிக்கப் போயிடுறாங்க. இங்க அப்பிடி என்ன சேர் இருக்கு?"

வகுப்பு நகைத்தது. நமக்கோ நகைப்பு வரவில்லை. மட்டக்களப்பிலே பிறந்து, மட்டக்களப்பிலே கற்பித்து வரும் நாம் அவ்வினாவுக்கு உடனே விடை கூற இயலாது நின்றோம். மணி அடித்தது, தப்பினோம். அன்று தப்பிய விடையை இன்று இப்பகுதியில் எழுத முற்படுகிறோம்.

ஹோய் ஆன் பட்டினத்தை நாம் கண்டதில்லை, நூல்களிற் படித்திருக்கிறோம். து போன் என்னும் ஆறு கடலோடு கலக்குமிடத்துக்கு அண்மையில் உள்ள பழைய துறைமுகம் அது. சீனரும் யப்பானியரும் அங்கே தெருத் தெருவாகக் குடியிருந்து வாணிகம் செய்தனர். பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கப்பல்களும் அங்கே சென்றன. பின்னர் ஆற்றில் மணல் மேடிட்டது. பெரிய கப்பல்கள் அயலிலுள்ள டா நாங் துறைக்குப் போயின. வாணிகம் போனமையால் ஊர் பழைய கோலத்திலேயே நின்றுவிட்டது. 1999ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக மரபுரிமையாக ஏற்றது. அதே ஆண்டில் அவ்வேற்பைப் பெற்ற மீ சன் என்னுமிடம் அங்கிருந்து தொலைவிலில்லை. சம்பா நாட்டு மன்னர் சிவபெருமானுக்கு எடுப்பித்த செங்கற் கோயில்கள் அங்கே இடிபாடுகளாய் நிற்கின்றன. தமிழ் மாணவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

ஆயினும் நம் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. திங்கள்தோறும் சந்திரமாதத்தின் பதினான்காம் இரவிலே, ஹோய் ஆன் மக்கள் பழைய தெருக்களில் மின்விளக்குகளை அணைத்துவிடுகின்றனர். கூட்டு விளக்குகளின் ஒளியும் நிலவும் மாத்திரமே அன்று தெருவில் உண்டு. வருவோர் அதனைக் காண்பதற்கென்றே நாள் பார்த்து வருகின்றனராம். இதனை மனத்தில் வைத்துக்கொள்க. பின்னர் இதற்குத் திரும்புவோம்.

இனி நமது ஊர். மட்டக்களப்பிலிருப்பது ஆறன்று, வாவி. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலோரமாக நீண்டு கிடக்கிறது. களப்பு என்னுஞ் சொல்லே ஆழமற்ற உப்புநீர்ப் பரப்பைக் குறிப்பது; ஊரின் பெயரிலேயே நீர் இருக்கிறது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கரை எழுவான்கரை; வாவிக்கு மேற்கிலுள்ள வயல் நிலம் படுவான்கரை. ஞாயிறு எழும் கரையென்றும் படும் கரையென்றும் திசைக்குப் பெயரிட்ட முன்னோரை எண்ணுந்தோறும் நாம் வியப்பதுண்டு. நகரத்தின் நடுவிடமாகிய புளியந்தீவு, பெயருக்கேற்ப, நீர் சூழ்ந்த தீவு. ஆகவே இவ்வூரைக் காண வருவோர், தாம் நிற்கும் இடத்துக்கு நீர் எப்பக்கத்தில் உள்ளது என்பதை முதலில் அறிந்துகொண்டாற் போதும், வழி தவறார்.

காலையிலே கோட்டைக்குச் செல்லுங்கள், வெயில் ஏறுமுன். 1628ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் கட்டியது. பத்தாண்டுகள் கழிந்து, 1638 மே 18ஆம் நாள், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் அழைப்பின்மேல் வந்த ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்ட் அதனைக் கைப்பற்றினான். இலங்கையில் ஒல்லாந்தர் கையில் விழுந்த முதற் கோட்டை இதுவே. அடுத்த சில நாட்களில் மன்னனுக்கும் ஒல்லாந்தருக்கும் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. பிடிக்கப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை வைப்பது பற்றிய பிரிவில், மன்னன் விரும்பினால் மட்டுமே என்ற கருத்துடைய சொற்கள் மன்னன் கையிலிருந்த படியில் இருந்தன. ஒல்லாந்தர் படியில் அவை இல்லை. ஒரு சிறு தொடர் விடுபட்டமையால் ஒரு நாட்டின் கரையோரம் யாருடையது என்ற வழக்கு எழுந்தது. மொழிப்பாடத்தில் ஒரு சொல் போனால் என்ன என்று கேட்கும் மாணவரை நாம் இக்கோட்டை வாயிலுக்கு அழைத்துச் செல்வது வழக்கம்.

அவ்வாயிலின்மேல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வீ.ஓ.சீ. என்னும் பொறிப்பு உண்டு. ஒருமுறை நம்முடன் வந்த மாணவி அதனை அண்ணாந்து பார்த்து, "கப்பலோட்டிய தமிழன் இங்கேயும் வந்தவரா, சேர்?" என்று கேட்டாள். வ. உ. சிதம்பரம்பிள்ளை 1906இல் ஆங்கிலேயருக்கு எதிராகக் கப்பல் கம்பனி தொடங்கியவர். இவர்களோ நம்மை ஆளக் கப்பலிலே வந்தவர்கள். எழுத்து மூன்றும் ஒன்றே! அம்மாணவிக்கு நாம் முழுப் புள்ளி வழங்கினோம். தவறான விடைக்கன்று, அண்ணாந்து பார்த்தமைக்கு. பெரும்பாலோர் அதுவும் செய்வதில்லை.

கோட்டையின் கொத்தளத்தில் ஏறினால் வாவி இரு பக்கமும் விரியும். மதிலின் இடுக்குகளில் மரக்கன்றுகள் வேர் விட்டிருப்பதையும் காண்பீர்கள். அவற்றைக் காலத்தே பிடுங்குவார் இல்லையேல் கல் பிளக்கும். மூன்று ஆட்சியாளரின் பீரங்கிகளுக்கு நின்ற மதில் ஓர் ஆலங்கன்றுக்கு வீழ்வது நமக்கு வெட்கம்.

புளியந்தீவின் தெருக்களைக் காலால் நடந்தே பாருங்கள். வில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்த பாதிரியார் 1814இல் இங்கு வந்து பள்ளி தொடங்கினார். மறு ஆண்டே இறந்தார். மெதடிஸ்த மத்திய கல்லூரி அத்தொடக்கத்திலிருந்தே தன் ஆண்டைக் கணக்கிடுகிறது. புனித மிக்கேல் கல்லூரி 1873இல் தோன்றியது. பறங்கியர் எனப்படும் போர்த்துக்கேய வழியினர் இன்றும் சிலர் இங்கே வாழ்கின்றனர். தச்சுத் தொழிலிலும் கொல்வேலையிலும் பெயர் பெற்றவர்கள். நானூறு ஆண்டுகளுக்கு முன் கப்பலில் வந்த மொழியை அவர்களுட் சிலர் இன்றும் வீட்டிலே பேசுகின்றனர். லிஸ்பன் நகரத்தார் கேட்டால் பாதிதான் விளங்குமாம்.

நண்பகல் உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாவி இறாலும் நண்டும் கிடைத்த அளவு உண்ணலாம். சைவ உணவினர் மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிரைத் தவறவிடலாகாது. சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர் அது. இந்நாட்டிலே உண்டவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் மந்திரக் கதை பேசுவர். அந்த மந்திரம் தயிர்ச்சட்டியிலேதான் இருக்கிறது என்பது நமது கட்சி.

பிற்பகலில் படுவான்கரைக்குச் செல்க. முன்னர் மண்முனைத் துறையில் பாதைக்குக் காத்திருந்து வாவியைக் கடக்க வேண்டும். 2014இல் அங்கே பாலம் திறக்கப்பட்டது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்திலே, அந்நிய அதிகாரியின் முன்னர்க் கல் நந்தி எழுந்து புல் உண்டதென்ற ஐதீகத்தை ஊர்ப் பெரியவர் எவரும் சொல்லுவார். கதையை அவர் வாயாற் கேளுங்கள். நாம் எழுதினால் சுவை குன்றும்.

மாலையில் கல்லடிக்கு வந்துவிடுங்கள். உப்போடைச் சிவானந்த வித்தியாலய வளவிலே விபுலாநந்த அடிகளின் சமாதி உள்ளது. 1947ஆம் ஆண்டு யாழ்நூல் அரங்கேறியது. அடுத்த மாதமே, யூலை 19இல், அடிகள் மறைந்தார். தொலைந்துபோன யாழின் சுருதிகளைக் கணித்தறிய அவர் பல்லாண்டு உழைத்தார். இவ்வாவியின் இன்னோசையை நீரரமகளிர் பாடலாகப் பாவில் அமைத்தவரும் அவரே. வாவிக்கரையை அறியாத ஒருவருக்கு அவ்வாராய்ச்சியில் அத்தனை ஈடுபாடு வந்திருக்குமா என்று நாம் ஐயுறுவதுண்டு.

இருட்டியதும் சுற்றுலாப் பயணிகள் வண்டியேறிப் போய்விடுகின்றனர். நாம் வருந்துவது இதற்காகவே. இவ்வூரின் தலையாய செல்வம் இரவிலே, அதுவும் முழுநிலவை ஒட்டிய இரவிலே, காதினாற் பெறுவது.

மீன் பாடுகிறது என்பது கட்டுக்கதையன்று. ஆங்கில அரசின் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட் 1848 செப்டெம்பரில் நிலவொளியிலே தோணியிற் சென்று கேட்டு, 1859இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக எழுதினார். ஈரவிரலாற் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கையில் எழும் அதிர்வுக்கு அதனை ஒப்பிட்டார். மீனவர் அவருக்கு ஊரியைக் காட்டினர். ஓட்டினுள் வாழும் அச்சிற்றுயிரே பாடுவதென்றனர். பிற்காலத்தில் புனித மிக்கேல் கல்லூரியைச் சார்ந்த யேசுசபைத் துறவி லாங் அடிகளார் அவ்வோசையைப் பதிவுசெய்தார். வானொலியிலும் அது ஒலித்தது. மீனா, ஊரியா என்ற வழக்கு முடிந்தபாடில்லை. மீன்கள் பல, வயிற்றிலுள்ள காற்றுப்பையைத் தசையால் அதிர்வித்து ஒலியெழுப்ப வல்லவை என்பது மட்டும் விலங்கியலார் கண்ட உண்மை.

இப்பொழுது ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். நாற்பது வயது கடக்கும்வரை நாம் அப்பாட்டைக் கேட்டதில்லை. நம் தந்தையார் அறுபதுகளில் மாணவராயிருந்தபோது தோழர்களுடன் பலகாற் கேட்டவர். நம் இளமையோ போர்க்காலம். 1924இல் ஆளுநர் மனிங்கின் துணைவியார் பெயரால் எழுந்த கல்லடி இரும்புப் பாலத்தைப் பகலிற் கடப்பதற்கே சோதனைச் சாவடியில் இறங்கி நடந்தோம்; இரவிலே அங்கு நிற்பதை யார் நினைத்தார்? 2009இல் போர் முடிந்தது. 2013இல் அருகே புதுப்பாலம் திறக்கப்பட்டு, பழைய பாலத்தில் ஆறுதலாக நடக்கலாயிற்று. அதன் பின்னும் போகவில்லை. பாட்டைக் கேளாத தலைமுறைக்கு அதனைத் தேடும் பழக்கமும் இல்லாது போயிற்று. மாணவன், இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டதில் குற்றம் அவனுடையதன்று. அவனுக்குக் காட்டவேண்டிய நாமே காணாதிருந்தோம்.

அவ்வினா நம்மை விடவில்லை. சென்ற முழுநிலவன்று அவனையும் இன்னும் மூவரையும், பெற்றோர் ஒப்புதலோடு அழைத்துக்கொண்டு போனோம். முதிய மீனவரொருவர் தோணியில் ஏற்றிப் பாலத்தின் கீழே கொண்டுபோய் நிறுத்தினார். கரையில் எங்கோ ஒலிபெருக்கியில் திரைப்பாடல். பாலத்தின்மேல் மோட்டார் வண்டிகள். அரை மணி கடந்தது. ஒன்றுமில்லை. பையன்கள் கொட்டாவி விட்டனர்.

"பொறுங்க சேர். அந்தப் பாட்டு நிக்கட்டும், மறுகா இது கேக்கும்" என்றார் முதியவர்.

ஒலிபெருக்கி ஓய்ந்தது. அவர் துடுப்பை நீரில் அமிழ்த்தி, அதன் பிடியை நம் காதோடு வைத்தார். முதலில் நம் குருதியோட்டமே இரைந்தது. பின்னர் அதனடியில் ஒரு ரீங்காரம்; ஒன்றல்ல, உயர்ந்தும் தாழ்ந்தும் பல, தம்பூராவின் கம்பிகளை யாரோ மெல்லத் தடவுவதுபோல. மாணவன் துடுப்பை நம்மிடமிருந்து பறித்தே விட்டான். கேட்டான், பேசவில்லை.

ஹோய் ஆனில் மாதம் ஓரிரவு விளக்கை அணைக்கிறார்கள் என்று மேலே எழுதினோம். நாம் விளக்கை அணைக்க வேண்டியதில்லை. முழுநிலவிரவில் ஒரு மணி நேரம் கல்லடிக் கரையிலே ஒலிபெருக்கியை நிறுத்தினாற் போதும். நகரத்தார் இதனைச் செய்ய இயலாதா? கழிவையும் பிளாஸ்டிக்கையும் வாவியிற் கொட்டாதிருப்பதும், கரைக் கண்டல்களை வெட்டாதிருப்பதும் அதனோடு சேரவேண்டியவை. பாடுவது எதுவாயினும் அது உயிரோடிருந்தாற்றானே பாடும்.

வர விரும்பும் குடும்பத்தார் சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையில், முழுநிலவை ஒட்டி வருக. மாரியில் வெள்ளநீர் புகுந்தால் வாவி கலங்கிவிடும். துடுப்புத் தோணியே அமர்த்துக. இயந்திரப் படகு வேண்டா. சிறுவர்க்கு மிதப்பு அங்கி அணிவிக்க மறவாதீர்கள்.

அன்றிரவு வீடு திரும்பியபோது தந்தையார் உறங்காது காத்திருந்தார். வயது எண்பதைக் கடந்தவர், செவி மந்தம். "கேட்டதா?" என்றார். ஆமென்றோம். எப்படி இருந்தது என்றார், சொல்லத் தெரியவில்லை. அடுக்களைக்குச் சென்று மெல்லிய கண்ணாடிக் குவளையொன்றில் நீர் வார்த்துக் கொணர்ந்து, அவர் காதருகே பிடித்து, ஈரவிரலால் விளிம்பைச் சுற்றித் தேய்த்தோம். சற்று நேரம் தலை சாய்த்துக் கேட்டார்.

"இது கூடிப் போச்சு, மனே. இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்து, சுருதி தாழட்டும்" என்றார்.